ஸ்லாப் செரிஃபில் சாய்வெழுத்து: சாய்த்ததா, வரைந்ததா?

கட்டை கட்டையான செரிஃபும் (எழுத்துக் கோடுகளின் முனையில் நீளும் சிறு கோடு) ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள கோடுகளும் கொண்ட ஸ்லாப் செரிஃப் எழுத்துருவைச் சாய்ப்பது எளிதல்ல. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெல் எழுத்துருவின் இட்டாலிக் (சாய்வெழுத்து), நிமிர்ந்த எழுத்தின் சாய்ந்த வடிவம். பீட்டர் மத்தியாஸ் நோர்ட்ஸையின் பிஎம்என் சிசிலியாவில் இட்டாலிக் தனியாக வரையப்பட்டது.

வெறுமனே சாய்த்தால் என்ன கெடுகிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 12 பாகை சாய்த்தால் நிமிர்ந்த தண்டுகள் (எழுத்தின் செங்குத்துக் கோடுகள்) ஏறத்தாழ 2 சதவீதம் மெலியும், கிடைக்கோடுகள் மெலியாது. செரிஃப்களும் கிடையாகவே இருப்பதால், தண்டைவிட அவை கனமாகத் தெரியும். ஆங்கில 'ஓ' (o) போன்ற வட்டங்களில் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் தடிக்கும், எதிர் மூலைகள் மெலியும். தடிமன் மாறுபாடு அதிகமுள்ள எழுத்துருவில் இது மறைந்துவிடும்; ஸ்லாபில் மறைய இடமே இல்லை. அதனால் நல்ல சாய்த்த வடிவத்தில் ஒவ்வொரு வளைவும் கையால் திருத்தப்பட்டிருக்கும்.

வரைந்த இட்டாலிக்கில் சிக்கலே வேறு. தண்டின் அடியில் இருபுறமும் நீளும் கட்டையை விட்டுவிட்டு, வலப்பக்கம் மட்டும் வெளியேறும் கோடு வைப்பார்கள். சிறிய 'ஏ' (a) பெரும்பாலும் மேல் வளைவில்லாத ஒற்றை அறையாகும், அகலமும் குறையும். ஆனால் அந்த வெளியேறும் கோட்டை மெல்லிய வாலாக விட்டால் ஸ்லாபின் குணமே போய்விடும்; அது தண்டின் கனத்திலேயே முடிய வேண்டும். சிசிலியாவின் வெற்றி இதில்தான் என்பேன். அமேசானின் கிண்டில் கருவிகளில் நெடுநாள் புத்தக எழுத்தாக அது இருந்ததும் பொருத்தமே. எரிக் கில் வடிவமைத்த ஜோவானா எழுத்துருவின் இட்டாலிக் இன்னும் துணிச்சலானது: சாய்வு சுமார் 3 பாகைதான், வேறுபாட்டை ஒடுங்கிய அகலமே காட்டிவிடுகிறது.

தலைப்பு, சுவரொட்டி, பொதியின் மேல் அச்சிடும் பெயர் என்றால் ராக்வெல் வழி போதும்; பெரிய அளவில் அதன் வடிவியல் ஒழுங்குதான் அழகு. பத்திக்குள் ஒரு சொல்லை அழுத்த வேண்டுமானால் வரைந்ததையே எடுங்கள். சாய்த்தது 10 புள்ளியில் பக்கத்துச் சொல்லோடு கலந்துவிடும், அழுத்தம் தெரியாது.

இணையத்தில் மூன்றாவதாக ஒன்று தானாக வந்து சேரும். ரோபோட்டோ ஸ்லாபுக்கு இட்டாலிக் கோப்பே இல்லை; சாய்வு கேட்டால் உலாவி தானே இழுத்துச் சாய்த்துவிடும், மேலே சொன்ன குறைகள் அனைத்தும் திருத்தமின்றி வரும். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 'ஃபான்ட் சிந்தசிஸ்' (font-synthesis) பண்பை 'நன்' (none) என வையுங்கள்; போலிச் சாய்வு நின்றுவிடும். இட்டாலிக் கட்டாயம் தேவை என்றால் ஸில்லா ஸ்லாப், பிட்டர் இரண்டிலும் தனிக் கோப்பு உண்டு.

எதை எடுத்தாலும் சாய்ந்த 'எஃப்' (f) எழுத்துக்குப் பின் நிமிர்ந்த அடைப்புக்குறி வரும் இடத்தைப் பாருங்கள். 700 அலகு உயரமுள்ள எழுத்தின் உச்சி 12 பாகையில் ஏறக்குறைய 149 அலகு வலப்பக்கம் நகரும். இரண்டும் வெவ்வேறு கோப்பு என்பதால் கெர்னிங் (எழுத்து இணைகளுக்கு இடையே இடைவெளியைத் திருத்தும் ஏற்பாடு) அங்கே உதவாது. மெல்லிய இடைவெளியைக் கையால்தான் இட வேண்டும்.