படகுப் பாயைக் கொடுத்து ஏமாந்தோம்: சென்னையில் ரோலர் ஃபர்லர் வைக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, "இது உங்க படகுதானே?" என்று கேட்டார். எங்கள் படகேதான். 22 அடி, பழைய ஃபைபர் உடம்பு, பின்பக்கம் பச்சை பெயின்ட் உரிந்த இடம் உட்பட. படத்துக்குக் கீழே "யாட் பாய்கள், ஃபர்லர் ஃபிட்டிங், இம்போர்ட்டட் மெட்டீரியல், கேரண்டி" என்று எழுதி ஒரு செல்போன் எண். எங்களிடம் செய்த வேலையையே அந்த ஆள் விளம்பரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை நாள், போனது போகட்டும், நம் முட்டாள்தனத்துக்கு நாமே கொடுத்த ஃபீஸ் என்று பேசாமல் இருந்தேன். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயரையும் கடையையும் போடவில்லை. வக்கீல் நண்பர் வேண்டாம் என்றார். வேலையின் லட்சணத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: பாய்மரப் படகின் முன்னால், மூக்கிலிருந்து மரத்தின் உச்சிக்குச் சாய்வாக ஒரு கம்பி போகும். ஃபோர்ஸ்டே என்பார்கள். முன்பாய் அதில்தான் வரிசையாகக் கொக்கி போட்டு ஏறும். காற்று கூடினால் ஒருவர் முன்னால் தவழ்ந்து போய் பாயை இறக்க வேண்டும். எனக்கு 51 வயது, பங்காளி நண்பருக்கு முழங்கால் வலி. அதனால் ரோலர் ஃபர்லர் வைப்பது என்று முடிவு செய்தோம். அந்தக் கம்பிக்கு மேலே காடி வெட்டிய அலுமினியக் குழல் ஒன்று வரும். கீழே கயிறு சுற்றிய டிரம், மேலே ஸ்விவல் என்கிற சுழல் இணைப்பு. பின்னால் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் டிரம்மும் குழலும் சேர்ந்து சுழன்று பாய் சுருண்டுகொள்ளும். கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரிதான், நிற்க வைத்துச் சுருட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஃபர்லர் புதியது, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். அதில் எந்தக் குறையும் இல்லை. பழைய பாயின் கொக்கிகளை எடுத்துவிட்டு, குழலின் காடியில் ஏறுகிற மாதிரி முன்விளிம்பில் டேப் தைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆள் தேடினோம். சென்னைக்குப் பாய்மரப் படகு ஒன்றும் புதிதில்லை. துறைமுகத்துக்குள்ளே இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல் ஆரம்பித்தது. ஆனாலும் தெருவில் இறங்கி, "பாய் தைக்கிற கடை எங்கே?" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். பாரிமுனை, மண்ணடிப் பக்கம் ஷாக்கிள் என்கிற கொளுவி கிடைக்கும், கயிறு கிடைக்கும். காசிமேட்டில் ஃபைபர் ஒட்ட அருமையான கைகள் இருக்கின்றன. பாய்க்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். இந்த இடைவெளியில்தான் நம்ம ஆள் நுழைந்தார்.

கடைகளுக்குப் பந்தல் துணியும் லாரிக்குத் தார்ப்பாயும் தைப்பவர். அதில் கேவலம் ஒன்றுமில்லை, நல்ல தையல் மெஷின் வைத்திருந்தார். "சார், யாட்டு வேலை எனக்குக் கைவந்த கலை. கோவாலேர்ந்து எல்லாம் பாய் அனுப்புறாங்க" என்றார். 38,000 ரூபாய் பேசி, 25,000 முன்பணம் ஜிபேயில் அனுப்பினோம். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி மேல வரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். நஷ்டம் யாருக்கு என்பது அப்புறம் தெரிந்தது.

அவர் படகைப் பார்க்கவே வரவில்லை. துறைமுகப் பாஸ் எடுக்க நேரமில்லை, பாயை மட்டும் கொடுங்கள், போதும் என்றார். அந்த இடத்திலேயே பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். இந்த வேலையில் அளவெடுப்பதுதான் பாதி வேலை. ஹாலியார்டில், அதாவது பாயை ஏற்றுகிற கயிற்றில், மேல் ஸ்விவலோடு ஒரு அளவு நாடாவையும் கட்டி, ஸ்விவல் போகக்கூடிய உச்சிவரை ஏற்றி, கீழே டிரம்மில் பாய் மாட்டுகிற ஷாக்கிள்வரை இழுத்துப் படிக்க வேண்டும். அதுதான் பாயின் முன்விளிம்புக்கு இருக்கிற அதிகபட்ச நீளம். டிரம்மும் ஸ்விவலும் இடத்தை அடைத்துக்கொள்வதால், கம்பி நீளத்துக்குத் தைத்த முழுப் பாய் என்றால் கொஞ்சம் வெட்டத்தான் வேண்டியிருக்கும். அவர் அதை எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறார். எங்கள் பாயின் முன்விளிம்பு 7.10 மீட்டர். பின்னாளில் நாங்களே நாடா கட்டி அளந்தபோது படகில் இருந்த இடம் 7.35 மீட்டர். ஒரு விரற்கடைகூட வெட்டியிருக்க வேண்டாம். அவர் அரை மீட்டரைக் கீழிருந்து கத்தரித்துவிட்டார். "ஃபர்லருக்கு அரை மீட்டர் கட்டிங் உண்டு சார், எல்லா படகுக்கும் அதான் கணக்கு." ஜாக்கெட் துணியா என்ன, மடிப்பைப் பிரித்து விட்டுக்கொள்ள?

2024 ஜூனில் மாட்ட வந்தார். அன்றைக்கு மட்டும் எப்படியோ பாஸ் கிடைத்துவிட்டது. காடியில் பாய் பாதி ஏறியதும் நின்றுவிட்டது. காடிக்கு எத்தனை மில்லிமீட்டர் கயிறு வைத்த டேப் போகும் என்று ஃபர்லர் கையேட்டிலேயே போட்டிருக்கும். 5 என்றால் 5 தான், 6 போகாது. அவர் வைத்திருந்தது டேப்பே இல்லை. ரெக்ஸின் துண்டுக்குள் சாதாரண நைலான் கயிற்றை வைத்து மடித்துத் தைத்திருந்தார். மூன்று பேர் ஹாலியார்டைப் பிடித்துத் தொங்கினோம். அவர் பையிலிருந்து துணி துவைக்கிற மஞ்சள் சோப்புக் கட்டியை எடுத்து, வெயிலில் நின்று, ரெக்ஸினில் அடி அடியாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். சோப்பு அவர் விரலிடுக்கில் நுரைத்து மேல்தளம் முழுக்க வழிந்தது. பாய் ஒருவழியாக ஏறியது. "பாத்தீங்களா சார், டைட்டா இருந்தாத்தான் ஸ்ட்ராங்கு" என்றார். நாங்கள் கைகூடத் தட்டினோம். சுருட்டி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மீதி 13,000-ஐயும் அங்கேயே வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலையில் ஒரு மழை. மறுநாள் போய்ப் பாயை விரித்தால், வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் அதிகமாகிப் போன கதை. பாய் சுருண்டு நிற்கும்போது வெயில் படாமல் இருக்க, பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் தாங்கும் துணியில் ஒரு பட்டை தைப்பது வழக்கம். அக்ரிலிக் துணி, இழையிலேயே சாயம் ஏறியது, மழையில் கரையாது. எங்களுக்கும் "அதேதான் சார், இம்போர்ட்டட்" என்று சொல்லி நீலப் பட்டை வைத்திருந்தார். குடைத்துணியா பந்தல் துணியா தெரியவில்லை, சாயம் ஒழுகிவிட்டது. அதைவிட வேடிக்கை, பாய் சுருண்டபோது நீலம் உள்ளே போய் வெள்ளை வெளியே நின்றிருக்கிறது. ஒரு மாதமாக வெயிலைக் குடித்தது பாய்த்துணி, பட்டை நிழலில் சுகமாகத் தூங்கியிருக்கிறது.

போன் செய்தேன். "சார், ஃபர்லர் சுத்துற சைடு நீங்க சொல்லல. பட்டையைப் பிரிச்சு அந்தாண்ட சைடு தைக்கணும். எட்டாயிரம் ஆகும்." சொன்னால் சிரிப்பீர்கள், 3,000 அட்வான்ஸும் அனுப்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, படகுகளோடு முப்பது வருஷம் பழகிய பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, டிரம்முல கயிறை மாத்திச் சுத்துனா போச்சே" என்றார். போச்சேதான். பாய் எந்தப் பக்கமாகச் சுருள வேண்டும் என்பதை டிரம்மில் கயிறு சுற்றியிருக்கும் திசைதான் தீர்மானிக்கிறது. பாயை இறக்கி, கயிறு முழுவதையும் அவிழ்த்து, எதிர்த்திசையில் சுற்றி, டிரம்மைச் சுற்றியிருக்கும் கூண்டின் வாயை மறுபக்கம் திருப்பினோம். பத்து நிமிஷம். ஒரு டீ நேரம். அந்த 3,000 இன்றுவரை திரும்பவில்லை. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்கிறார், எதில் என்று சொல்வதில்லை.

இதெல்லாம் பணக் கணக்கு. செப்டம்பரில் நடந்ததுதான் என்னை இன்னும் தூக்கத்தில் எழுப்புகிறது.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும், துறைமுக வாயைத் தாண்டி வெளியே இருந்தோம். மேற்கே ஊருக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. சென்னைக்கு அந்த மாதங்களில் இது புதிதில்லை. கடல்காற்று சட்டென்று நின்று, கரையிலிருந்து குளிர்ந்த காற்று அடித்து, அடுத்தாற்போல் மழை. சுருட்டலாம் என்று கயிற்றை இழுத்தேன். மூன்று சுற்று சுற்றியது, நின்றுவிட்டது. பயத்தில் கயிற்றை வின்ச்சில், அதாவது கயிறு இழுக்கிற கைப்பிடி உருளையில், போட்டுச் சுழற்றினேன். இதில் அவர்மேல் பழி போட மாட்டேன், முழுக்க என் தப்பு. ஃபர்லர் கைக்கு வரவில்லை என்றால் வின்ச் போடவே கூடாது. உச்சியில் என்ன மாட்டியிருக்கிறது என்று முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே 'டக்' என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிவது போல.

நடந்தது இதுதான். மேல் ஸ்விவலுக்கு இரண்டு பாதி. கீழ்ப்பாதி பாயோடு சுழலும், ஹாலியார்ட் கட்டியிருக்கும் மேல்பாதி சுழலாமல் நிற்க வேண்டும். அது நிற்பதற்குக் காரணமே ஹாலியார்ட் மரத்தை நோக்கிச் சற்றுச் சாய்வாக, ஏறத்தாழப் பத்து டிகிரியில், பின்னால் இழுத்துப் பிடித்திருப்பதுதான். ஸ்விவல் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தச் சாய்வு தானாகக் கிடைக்கும். எங்கள் பாயைத்தான் அரை மீட்டர் வெட்டியாகிவிட்டதே. ஸ்விவல் உச்சிக்கு முக்கால் மீட்டர் கீழே நின்றது. அந்த முக்கால் மீட்டருக்கு ஹாலியார்ட் குழலை ஒட்டியே ஓடியது. இத்தனை நாள் இளங்காற்றில் எப்படியோ தப்பித்து, காற்று கூடி அழுத்தம் ஏறியதும் ஹாலியார்டும் குழலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டது. அப்புறம் பாய் சுருளவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பாயை முழுசாக விரித்தால் சுற்று கழன்றுவிடும். ஆனால் அந்தக் காற்றில் முழுப் பாயையும் விரிக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஷீட்டை, அதாவது பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை, விட்டுவிட்டோம். பாய் பட்பட்டென்று அடித்தது, படகே நடுங்கியது. பட்டையின் தையல் ஒரு ஓரத்தில் விட்டு, நீலத்துணி நாடா நாடாவாகப் பறந்தது. சின்ன அவுட்போர்டு எஞ்சினை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் நகரவே முடியவில்லை. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகுக்காரர்கள், "இன்னா சார், துணி காயப் போட்டுக்கினு வர்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். எண்ணெய்க் காசு வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷம் படகுக்குச் செய்த செலவில் நியாயமான செலவு அது ஒன்றுதான்.

மறுநாள் மேலே ஏறிப் பார்த்தால் குழலில் ஒரு துண்டு வளைந்திருந்தது. உள்ளே ஃபோர்ஸ்டேயில், 19 இழை முறுக்கிய கம்பியில், இரண்டு இழை அறுந்திருந்தது. மரம் பின்னால் சாயாமல் முன்னாலிருந்து பிடித்திருப்பது அந்த ஒரே கம்பி. பட்டையில் ஓடிய நூலை நகத்தால் நெருடினேன், உதிர்ந்தது. பாய்க்குப் போடுவது வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல். அவர் போட்டிருந்தது தையல்கடை நூல்.

சரி, இப்போது என்ன செய்திருக்கிறோம்? கம்பியை மாற்றினோம், வளைந்த துண்டை மாற்றினோம். பாயை வெளியூரில் பாய் மட்டுமே தைக்கிற ஒரு கடைக்கு அனுப்பினோம். அவர்கள் முதலில் கேட்டது ஃபர்லர் மாடல், காடி அளவு, நாடா கட்டி அளந்த நீளம், எந்தப் பக்கம் சுருளும். நாலுக்கும் பதில் போகும்வரை கத்தரியைத் தொடவில்லை. பாயின் தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் கயிற்றுத் துண்டு போட்டு ஸ்விவலை உச்சிக்குத் தூக்கிவிட்டோம். இந்தத் துண்டு சில நூறு ரூபாய். ஜூன் மாதமே யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இப்போது ஒரு கையால் சுருட்ட முடிகிறது. வெட்டிய அரை மீட்டர் மட்டும் போனது போனதுதான்.

பணம் திரும்பி வரவில்லை. பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லியாகிவிட்டது, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. இதேபோல் மாட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.

அந்த விளம்பரப் படம் உங்களுக்கும் வந்து சேரலாம். வந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். ஜூன் மாதம் மாட்டிய அன்றைக்கே எடுத்தது. பாய் அழகாகச் சுருண்டு நிற்கிறது, வெள்ளை வெளியே. மரத்தின் உச்சியிலிருந்து ஒரு ஆள் கை நீளத்துக்கு ஹாலியார்ட் குழலை ஒட்டியே இறங்குகிறது. மேல்தளத்தில், ஓரமாக, அந்த மஞ்சள் சோப்பும் இருக்கிறது.