தனி ஊசல் சோதனைக்கு கூகுள் ஷீட்ஸா, கூகுள் டாக்ஸா?

மேல்நிலை வகுப்பின் இயற்பியல் ஆய்வகத்தில் ஐந்து குழுக்கள் தனி ஊசல் சோதனையைச் செய்யும்போது, அளவீடுகளை ஒரே இடத்தில் சேர்க்க கூகுள் ஷீட்ஸே ஏற்றது என்பது என் கருத்து. ஒவ்வொரு குழுவும் தன் ஊசலின் நீளத்தையும் 20 அலைவுகளுக்கான நேரத்தையும் உள்ளிட்டதும், ஒருமுறை எழுதிவைத்த சூத்திரம் அலைவு நேரத்தின் இருமடியைக் கணக்கிட, அது நீளத்துக்கு எதிராக வரைந்த வரைபடத்தில் புள்ளியாக விழுகிறது. 1 மீட்டர் ஊசலுக்கு 20 அலைவுகள் சுமார் 40 வினாடி எடுக்கும். ஊசலை விட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என எண்ணத் தொடங்கி 19 அலைவுகளோடு நிறுத்திவிட்ட குழுவின் புள்ளி, மற்றவை அமைந்த நேர்கோட்டுக்குக் கீழே தனித்து நிற்பதால், ஆசிரியர் சொல்லும் முன்பே அவர்கள் மீண்டும் அளக்கப் போய்விடுவார்கள். கோட்டின் சாய்வு 4.03-ஐ ஒட்டி வந்தால், 4π²-ஐ அதனால் வகுக்க, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி²-க்கு அருகில் கிடைக்கிறது.

ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் எழுதிவிடுவது ஷீட்ஸின் தொல்லை. குழுவாரியாகக் கட்டங்களைப் பூட்டினால் அது தீரும்.

டாக்ஸ் கணக்குக்கு உதவாது. விளக்கம் எழுதும்போதுதான் அதன் அருமை தெரியும். ‘காற்றுத் தடையே பிழைக்குக் காரணம்’ என்று ஒரு குழு எழுதினால், ‘அப்படியானால் எங்கள் ஊசலுக்கு ஏன் பிழை வரவில்லை?’ என்று பக்கத்துக் குழு ஓரத்தில் கருத்திட்டுக் கேட்கலாம். பதிப்பு வரலாறு இரண்டிலும் இருப்பதால், எழுதியவர் யார் என்ற வழக்கு எழுவதில்லை.