அட்மாஸ் வரும் என்று விற்கப்படும் ஆப்டிகல் கேபிள்: ஏமாறாதீர்கள்

டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவில் மாட்ட ஒரு ஆப்டிகல் கேபிள் ஆன்லைனில் தேடினேன். டிவியின் ஏஆர்சி போர்ட்டில் (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பக்கூடிய எச்டிஎம்ஐ துளை) செட்டாப் பாக்ஸ் இருந்ததால், ஆப்டிகலே போதும் என்று நினைத்தேன். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று சாதாரணம். இன்னொன்று மூன்று மடங்கு விலை. '24 கேரட் தங்க முலாம், 7.1 சரவுண்ட், டால்பி அட்மாஸ், 8கே' என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்க வைக்கும் டால்பி தொழில்நுட்பம். என்ன வித்தியாசம் என்று சாட்டில் கேட்டதற்கு, "சார், சின்னதில் ஸ்டீரியோ மட்டும்தான். அட்மாஸ் வேணும்னா பெரிசுதான்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் ஆர்டர் போட்டேன்.

அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை.

டோஸ்லிங்க் என்கிற இந்த இணைப்பை தோஷிபா 1983-இல் சிடி பிளேயர்களுக்காகக் கொண்டுவந்தது. அதன் வழியாகப் போவது இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்கப்படாத ஸ்டீரியோ), அல்லது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற சுருக்கப்பட்ட 5.1 சரவுண்ட் ஒலி. அவ்வளவுதான். வீட்டில் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அல்லது ட்ரூஎச்டி என்ற ஒலி வடிவங்கள் வழியாக வருகிறது. இரண்டும் ஆப்டிகலில் போகாது. தடை போர்ட்டிலேயே இருக்கும்போது கேபிளை மாற்றி என்ன பயன்? 'ஸ்டீரியோ மட்டும்' என்பதும் பொய்தான். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மெல்லிசுக் கேபிளை மாட்டிப் பார்த்தேன், சவுண்ட்பாரில் அதே 'டால்பி டிஜிட்டல்' எழுத்துதான் வந்தது. தங்க முலாம் மின்சாரம் தொடுகிற முனைக்குத் துருப்பிடிக்காமல் இருக்க உதவும். இங்கே ஓடுவது வெளிச்சம். 8கே பற்றிச் சொல்லவே வேண்டாம், இந்த வயரில் படமே போகாது.

சரி, அட்மாஸ்தான் இல்லை, கேபிளாவது ஒழுங்காக இருந்ததா? விரல் தடிமனில் நைலான் சட்டை, இரண்டு பக்கமும் கனமான உலோக பிளக். சொருகினால் 'டக்' என்று உட்கார வேண்டும். இது உட்காரவே இல்லை. சுவரை ஒட்டி வளைத்தால் கேபிளின் விறைப்பே பிளக்கை வெளியே தள்ளியது. வசனம் பாதியில் அறுந்து அறுந்து வந்தது. டிவி பக்கம் மட்டும் மாட்டிவிட்டு மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தேன். சிவப்புப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. டிவி பக்கம் பிளக்கை லேசாகத் தட்டியதும் மங்கி அணைந்தது. இதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

விற்பனையாளர் முதலில் "டிவி செட்டிங் பாருங்கள்" என்றார், அப்புறம் "பாக்கெட் பிரித்தால் ரிட்டர்ன் இல்லை" என்றார். சாட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியதும் பேச்சையே நிறுத்திவிட்டார். தளத்தில் புகார் போட்டு வீடியோவையும் சேர்த்த பிறகுதான் பணம் வந்தது. அனுப்பும் செலவு என் தலையில்.

வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்காமல் பிளக்கைப் பாருங்கள். ரிவ்யூக்களில் 'லூசாக இருக்கிறது', 'கழன்று விழுகிறது' என்று யாராவது எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். மெல்லிய, வளையக்கூடிய கேபிள் போதும். ஆனால் கூர்மையாக மடித்துவிடக் கூடாது, உள்ளே இருப்பது பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழை. தேவைக்கு மேல் கொஞ்சம் நீளம் இருக்கட்டும், அதற்காக 10 மீட்டர் சுருளை வாங்க வேண்டாம். 5 மீட்டருக்கு மேல் போனால் வெளிச்சம் பலவீனமாகும். சில பழைய லேப்டாப்களில் ஆப்டிகலுக்கு 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளை இருக்கும், அதற்கு வேறு முனை. முனைகளில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறந்தால் நல்ல கேபிளும் ஊமைதான். 'பேஸ் ஆழமாக வரும்' என்று சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். கேபிள் மோசமானால் ஒலி வெட்டும், இல்லையென்றால் நின்றுபோகும், பேஸ் குறையாது.

அட்மாஸ்தான் வேண்டும் என்றால் ஆப்டிகல் பக்கமே போகாதீர்கள். நான் செட்டாப் பாக்ஸை வேறு எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றிவிட்டு, அலமாரியில் கிடந்த எச்டிஎம்ஐ கேபிளை ஏஆர்சி போர்ட்டில் மாட்டினேன். டிவியில் உள்ள ஆப்பில் அட்மாஸ் படம் ஒன்றைப் போட்டதும் சவுண்ட்பாரில் 'அட்மாஸ்' என்று வந்துவிட்டது.