முதுகுவலிக்கு மாத்திரையை விட்டு மனப்பயிற்சி: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி நடத்தும் நண்பர் ஒருவர், முதுகுவலிக்காக டிராமடால் மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியும் நிம்மதி கிடைக்காததால், நான் அதே மாத்திரையிலிருந்து, வலியையும் எண்ணங்களையும் விரட்டாமல் கவனிக்கப் பழகும் மனப்பயிற்சிக்கு (மைண்ட்ஃபுல்னஸ்) மாறியது உண்மையில் பலன் தந்ததா என்று கேட்டிருந்தார். எட்டு வார வகுப்பு எப்படி நடக்கும், கால் விரலிலிருந்து தலைவரை உடலைக் கவனித்து வரும் பயிற்சியை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். ஆகவே அவற்றைத் திரும்பச் சொல்லாமல், இரண்டு மழைக்காலங்களை இந்தப் பயிற்சியோடு கழித்தவனுக்கு எது இனித்தது, எது இன்றுவரை உறுத்துகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உறுத்துவது அந்த அரை மணி நேரம். மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும். இந்தச் சிகிச்சையோ அன்றாடம் அரை மணி நேரத்தைக் கேட்கிறது, எத்தனை மாதம் பழகினாலும் அதில் ஐந்து நிமிடம்கூடத் தள்ளுபடி செய்வதில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் நான் காலையில் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். மாலையில் சேலம் குகைப் பகுதியிலுள்ள வீட்டுக்கு வந்து பாய் விரித்தால், பக்கத்துச் சுவருக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தையும் விரட்டாமல் கவனியுங்கள் என்று உளவியலாளர் சொன்னார். அது சரியான அறிவுரைதான். நாளடைவில் சத்தம் ஒரு தடையாக இல்லாமலும் போயிற்று. ஆனால் நேரம் அப்படிப் போகவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் கூலிக் கணக்கு குவிந்து, தொடர்ந்து சில நாள் பயிற்சி விட்டுப்போனால், இடுப்புக்கு மேலே அந்தப் பழைய இறுக்கம் திரும்பிவிடுகிறது. தொடக்க வாரங்களில் இன்னொரு சோதனையும் உண்டு: வலிக்கும் இடத்தையே உற்றுக் கவனிப்பதால் வலி கூடியதுபோல் தோன்றும். அதை முதல் வகுப்பிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் பாதிப் பேர் அங்கேயே விலகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இனித்தது, நான் சற்றும் எதிர்பாராத இடத்தில் வந்தது. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் முதுகு மனப்பாடமாக அறியும். பேருந்து திரும்புவதற்கு முன்பே முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றி, மூச்சை அடக்கி, இடுப்பை மரக்கட்டைபோல் விறைப்பாக்கிக்கொள்வேன். மலைமேல் பேருந்திலிருந்து இறங்கும்போது வலி வளைவால் வந்ததா, நானே விறைத்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. வலியைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும், சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பகுதியாக, அந்த நேரத்தில் மனத்தில் ஓடுவதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தபோது, ‘இந்தத் திருப்பத்தில் முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கிவிடும்’ என்ற ஒரே அச்சம்தான் பக்கம் பக்கமாக இருந்தது. அந்த அச்சத்தை எனக்குக் கொடுத்தது, ஜவ்வு புடைத்திருக்கிறது என்று சொன்ன எம்ஆர்ஐ ஸ்கேன் அறிக்கை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஐம்பது வயதினரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் புடைப்பு இருந்தது. அறிக்கையைக் கையில் கொடுத்தவர்கள் இந்த ஒரு செய்தியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், நான் எத்தனையோ வளைவுகளைக் கம்பியைப் பிடிக்காமல் கடந்திருப்பேன். இப்போது வலி இருக்கும் நாள்களிலும் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி மலையேறுகிறேன். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ஒருநாளும் இது வாய்த்ததில்லை.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராமடால் அபினி வகை வலிநிவாரணி. 2018 முதல் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மலச்சிக்கலும் தலைசுற்றலும் அதனுடன் வரும், நாளாக ஆகப் பழைய அளவு போதாமலும் போகும். அமெரிக்காவில் 240 முன்னாள் படைவீரர்களை ஓராண்டு பின்தொடர்ந்து அதே 2018-இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மான வலிக்கும் அபினி வகை மருந்துகள் சாதாரண வலிநிவாரணிகளைவிட மேலானவையாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட காரணம் காண முடியாத நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு இவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நண்பர் கட்டியிருக்கும் இடுப்பு பெல்ட்டையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. உடற்பயிற்சியையும் சிபிடி போன்ற உளவியல் சிகிச்சைகளையும் அது பரிந்துரைக்கிறது.

ஆயினும் இந்தப் பயிற்சியை அற்புதம் என்று விற்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சியாட்டில் பகுதியில் 342 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியவர்கள் மனப்பயிற்சி பெற்றோரில் 60.5 சதவீதம், சிபிடி பெற்றோரில் 57.7 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 44.1 சதவீதம். அதாவது பத்தில் நான்கு பேருக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை. என் நண்பரைப் போல ஏற்கெனவே அபினி வகை மருந்தில் இருந்த 770 பேரிடம் நடத்தி 2025-இல் வெளியான ஆய்விலும், மனப்பயிற்சி, சிபிடி ஆகிய இரு முறைகளிலும் வலியும் மருந்தின் அளவும் குறைந்தனவே தவிர, வலி மறைந்துவிடவில்லை; எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு குழுவோடு அவர்கள் ஒப்பிடவும் இல்லை. எனக்கும் அப்படித்தான். மார்கழிக் குளிரில் மேலே நாள் முழுவதும் உட்கார்ந்து எழுதிவிட்டு எழுந்தால் முதுகு நிமிர நேரம் பிடிக்கிறது. இதைக் கேட்டு, ‘அப்படியானால் வலி வெறும் மனப்பிரமைதானா’ என்று உறவினர்கள் கேட்கும்போது எனக்கு வரும் கோபம் இன்னும் தணியவில்லை. வலி உண்மையானது, அதன் மேல் அச்சமும் விறைப்பும் ஏற்றிவைக்கும் சுமையைத்தான் இந்தச் சிகிச்சை இறக்குகிறது.

என் பெரிய மனக்குறை வேறொன்று. நான் முதலில் சென்ற மருத்துவமனையில் மாத்திரைச் சீட்டு ஒரு நிமிடத்தில் கைக்கு வந்தது. மனப்பயிற்சி என்ற ஒன்று இருக்கிறது என்பதையே எவரும் சொல்லவில்லை. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் குனிந்திருப்பவரும், குழித்தறியில் கால் தொங்கவிட்டு நெய்பவரும் நிறைந்த சேலத்தில், முதுகுவலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் செய்த வேலைக்குக் கூலி வாங்குகிறவருக்கு அரை மணி நேரம் என்பது அன்றைய வரும்படியில் ஒரு பங்கு. மாதச் சம்பளக்காரனான எனக்கே அது கனக்கிறது என்றால், அவர்களிடம் இதைச் செய்யுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே, இத்தனையும் புகழ்ந்த பிறகும், இப்போதைக்கு இதைத் தொடங்க வேண்டாம் என்றே நண்பருக்குப் பதில் எழுதினேன். தீபாவளி ஆர்டருக்காக இரவும் பகலும் தறியோடு நிற்பவர், நள்ளிரவில் பாயில் படுத்துக் கால் விரலைக் கவனித்தால் தூங்கித்தான் போவார், பிறகு பலனில்லை என்று ஒரேயடியாகக் கைவிட்டுவிடுவார். அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வியர்வையும் தூக்கமின்மையும் பதற்றமும் வாட்டும். மருத்துவரிடம் கேட்டு, எனக்குச் செய்ததுபோல் படிப்படியாகக் குறைக்கட்டும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ பயிற்சியையும் என்னையும் மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகட்டும். ஆர்டர் முடிந்தபின் அரை மணி நேரம் கிடைக்கும் என்று அவர் உறுதி சொன்னால், உளவியலாளரிடம் நானே அழைத்துப்போகிறேன்.