ஸ்போர்ட்ஸ் கடைக்கு முதலில் யாரைப் பிடிப்பது: மீரட் வியாபாரியா, ஊர் பி.இ.டி. சாரா?

கீழக்கரை, மண்டபம் பக்கம் சின்னதாக ஸ்போர்ட்ஸ் கடை போட நினைப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. மீரட்டும் ஜலந்தரும் விளையாட்டுச் சாமான்கள் தயாராகும் வட இந்திய ஊர்கள்; பி.இ.டி. சார் என்பவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்.

செலவு: மீரட், ஜலந்தர் போய்வர ஒரு வாரமும் ரயில், தங்கும் செலவும் ஆகும். சாரைப் பார்க்க மாலை 5 மணிக்கு மைதானத்துக்குப் போனால் போதும்.

விலை: மீரட்தான். நடுவில் கைமாறாத சரக்கு.

விவரம்: இதில் சாரை மிஞ்ச ஆளில்லை. எந்தப் பள்ளி எப்போது வாங்கும், எந்த ஊரில் வாலிபால் போட்டி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு சார் வலையின் மேல்கம்பியை விரலால் தேய்த்துக் காட்டினார். துரு செக்கச்செவேலென்று ஒட்டிக்கொண்டு வந்தது. "உப்புக்காத்துக்கு இது நிக்காது தம்பி, நைலான் கயிறு கோத்த வலையா எடு" என்றார். எந்த விலைப்பட்டியலும் இதைச் சொல்லாது.

நிலைப்பு: மீரட் உறவு ஆர்டர் இருக்கும்வரை. சார் மாற்றலாகிப் போனாலும் புதுப் பள்ளியிலிருந்து கூப்பிடுவார்.

கையில் முதல் குறைவா? சாரிடம் போங்கள்; சரக்கை மதுரையில் எடுத்துக்கொள்ளலாம். பல பள்ளிகளுக்கு மொத்தமாகச் சப்ளை செய்யப் போகிறீர்களா? சரி, மீரட்டுக்கு டிக்கெட் போடுங்கள், அதுவும் சார் எழுதித் தரும் பட்டியலோடு.