செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓடு கலந்த கரிக்கட்டி: இரண்டு வருஷம் எரித்துப் பார்த்ததில்

மலேசியாவில், பினாங்கு பிறையில் ஒரு சின்ன மீஹூன் (அரிசிச் சேமியா) தொழிற்சாலையில் நான் பாய்லர்மேன். மணிக்கு 2 டன் நீராவி தரும் பழைய பாய்லர், கையால்தான் கரி அள்ளிப் போட வேண்டும். பல வருஷம் இந்தோனேசிய நிலக்கரிதான் எரித்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவுக்கே (எங்கள் முதலாளி) கலப்புக் கட்டிக்கு மாறினார். நிலக்கரித் தூள் ஏழு பங்கு, செம்பனைக் கொட்டை ஓடும் மரத்தூளும் மூன்று பங்கு, கொஞ்சம் சுண்ணாம்பு, ஒட்டுவதற்கு மரவள்ளி மாவு. அழுத்திச் செய்த, உள்ளங்கையில் அடங்குகிற கட்டி. வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

பெரிய வித்தியாசம் காலையில் பற்றவைக்கும்போதுதான். முன்பெல்லாம் ரப்பர் கட்டை அடுக்கி, டீசலில் நனைத்த துணியைச் செருகி, அரை மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பேன். நிலக்கரி சூடாகும்போது தார் கலந்த ஆவி முதலில் வெளியே வரும். அதை எரிக்கும் அளவுக்கு அடுப்பில் நெருப்பு இருக்காது. அதுதான் புகைபோக்கியில் மஞ்சளும் கறுப்புமாகக் கிளம்பும். கட்டியில் இருக்கும் ஓடும் தூளும் 300 டிகிரியை ஒட்டியே பிடித்துக்கொள்ளும். கரியின் ஆவி கிளம்பும்போது பக்கத்திலேயே தீ தயாராக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இப்போது பத்து நிமிஷத்தில் புகை அடங்கிவிடுகிறது.

பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாக்சிக் (மலாய் அம்மா) வீடு. கொடியில் காயும் அவருடைய வெள்ளைத் தெலெக்கோங்கில் (தொழுகை அங்கி) கரித்துகள் விழுந்தால் துணியோடு எங்கள் வாசலுக்கே வந்துவிடுவார். கட்டிக்கு மாறியபின் இரண்டே தடவைதான் வந்தார். அந்த இரண்டு தடவையும் தப்பு எங்கள் பக்கம்தான்.

முதல் தடவை மழைக்காலம். கட்டியைச் சிமெண்ட் தரையில் கொட்டித் தார்ப்பாய் போட்டிருந்தோம். நிலக்கரி நனைந்தால் காயவைத்து எரித்துக்கொள்ளலாம். மாவு போட்டு ஒட்டிய கட்டி அப்படியில்லை. அடிவரிசை முழுக்கச் சேறாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. வீணாக்க வேண்டாம் என்று நான் அதையும் அடுப்பில் போட்டேன். பொடிப்பொடியாக உதிர்ந்து கம்பித் தட்டின் இடுக்கு வழியே கீழே விழுந்தது, விழாதது காற்றை அடைத்தது, மேலே ஒரே புகை. அன்றைக்கே பழைய பாலெட்டுகளை (சரக்கு வைக்கும் மரத்தட்டு) பொறுக்கி வந்து, தரையில் படாமல் அவற்றின் மேல் கட்டியை அடுக்கினேன்.

அப்புறம் குவியலை உயரமாகவும் போடக்கூடாது. எங்கள் தாத்தா சிலாங்கூரில் பத்து ஆராங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1960-இல் மூடினார்களே, அது. அந்தக் கரி கொட்டிவைத்த இடத்திலேயே தானாகப் பற்றிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சின்னப் பிள்ளையில் கதை என்றுதான் நினைத்தேன். இப்போது வாரம் ஒரு முறை குவியலுக்குள் கையை விட்டுச் சூடு பார்க்கிறேன்.

இரண்டாவது தடவை சரக்கு வேறு. விலை குறைவு என்று தவுக்கே எடுத்த ஒரு லோரி கட்டியில் ஓட்டுக்குப் பதிலாகச் செம்பனை வெறுங்குலை (பழம் எடுத்தபின் மிஞ்சும் குலை) நார். பார்க்க ஒன்று போலத்தான் இருந்தது. மதியத்துக்குள் தட்டின் மேல் பச்சையும் கறுப்புமாகக் கண்ணாடி உருகி ஓடின மாதிரி கிளிங்கர், அதாவது உருகி இறுகிய சாம்பல். கடப்பாரையால் இடித்துத்தான் எடுத்தோம், பாதி நாள் உற்பத்தி போச்சு. வெறுங்குலையில் பொட்டாசியம் அதிகம், அது சாம்பலைக் குறைந்த சூட்டிலேயே உருக்கிவிடும். நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் களிமண் சத்து கொஞ்சம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. இப்போது புது லோரி வந்தால் ஒரு கட்டியை உடைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். உள்ளே நீள நாராக இழுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கந்தக நெடி நன்றாகக் குறைந்திருக்கிறது. தொண்டைக் கரகரப்பு இல்லை. கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துச் சாம்பலோடு நிறுத்திவிடுகிறது. அதனால் சாம்பல் கூடும், இதை விற்பவர் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. காற்றடிக்கும் ப்ளோவரை முழுக்கத் திறந்து விரட்டி எரித்தாலும் பயனில்லை. 1,200 டிகிரி பக்கம் போனால் பிடித்த கந்தகத்தைச் சுண்ணாம்பு விட்டுவிடும். நிதானமாக எரித்தால்தான் பலன். சூடும் நிலக்கரியைவிடக் கொஞ்சம் மட்டுதான், ஓடு கிலோவுக்கு 4,000 கிலோகலோரி சுற்றுவட்டாரம், நாங்கள் வாங்கிய நிலக்கரி 5,000-ஐ ஒட்டி. ஒரு ஷிப்டுக்கு நாலைந்து மண்வாரி கூடப் போடுகிறேன், முதுகுக்குத் தெரிகிறது.

போன தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தல் போடும் அண்ணன் ஒருவர், "ரெண்டு சாக்கு குடு தம்பி, கொப்பரைக்கு ஆகும்" என்றார். கொடுக்கவில்லை. என்ன கலந்தாலும் முக்கால்வாசி நிலக்கரிதான் அண்ணே, பந்தலுக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும் என்றேன். முகம் சுருங்கிப் போனார், பரவாயில்லை.

வாங்கலாமா என்றால், இப்போது நிலக்கரி எரிப்பவர்கள் தாராளமாக மாறலாம். ஏற்கெனவே வெறும் ஓடு எரிப்பவர்கள் தொடவே வேண்டாம், அது இதைவிடச் சுத்தம், சாம்பலும் குறைவு. நாங்களே வெறும் ஓட்டுக்கு மாறியிருப்போம். ஆனால் ஓட்டை ஜப்பான் மின்நிலையங்கள் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. உள்ளூரிலும் 2023-இல் வந்த அரசாங்கத் திட்டத்தில் ஜொகூர் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையத்திலேயே உயிர்க்கழிவை (செடி, மரக் கழிவு) கலந்து எரிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களைப் போல வாரம் ஒரு லோரி கேட்பவனைச் செம்பனை எண்ணெய் ஆலைக்காரர்கள் கண்டுகொள்வதில்லை. தவுக்கே நிபோங் தெபால் பக்கம் ஓர் ஆலையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். அது படியும்வரை கட்டிதான்.