பினாங்குப் பயணமும் பிடித்துக்கொண்ட இடுப்பும்: தைலமா, ஒத்தடமா, மசாஜா?

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாதாரண நாளில் காரில் நாலரை மணி நேரம். போன தீபாவளிக்கு முந்தின நாள் எங்களுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. காலை ஆறு மணிக்குச் செந்தூலில் கிளம்பி, பிறையில் மாமனார் வீட்டு வாசலில் இறங்கியபோது என்னால் நிமிர முடியவில்லை. மாமனார் பையிலிருந்து குட்டிப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். "தேய்ச்சிக்கோங்க மாப்பிள்ளை, காலையில பறந்துரும்."

பறக்கவில்லை. அடுத்த நான்கு நாளும் வீட்டில் இருந்தது, கடையில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் பரீட்சித்துப் பார்த்தேன். அதன் தீர்ப்புதான் இது.

முதலில் அந்தப் புட்டி. கோடாலித் தைலமோ டைகர் பாமோ, நம் வீடுகளில் அவை மருந்து என்பதைவிடக் குடும்ப உறுப்பினர்கள். ஆனால் அவை இறுகிய தசையைத் தளர்த்துவதில்லை. அவற்றில் உள்ள மெந்தால், குளிரை உணரும் அதே நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. மூளை அந்தச் சில்லிப்பைக் கவனிக்கும் நேரத்தில் வலி கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது, அவ்வளவுதான். எனக்கு அரை மணி நேரம் தாங்கியது. தூக்கம் வருவதற்கு அது போதும் என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடும் காரில் மட்டும் வேண்டாம். ஏர்கான் போட்டு மூடிய வண்டியில் பின்சீட்டுப் பிள்ளைகளின் கண் எரியும், அப்புறம் நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடம் வரை அதே புகார்தான்.

பயணத்தின்போது என்றால் சலோன்பாஸ் மாதிரியான பிளாஸ்திரிக்கே என் ஓட்டு. சட்டைக்கு உள்ளே ஒட்டினால் சில மணி நேரம் வேலை செய்யும், கையும் பிசுக்காகாது. இதில் மெந்தாலோடு மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு. அது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். அதனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது. நம் வீட்டுப் பெரியவர்களில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்திரியின் மேலேயே வெந்நீர்ப் பை வைப்பதும் தப்பு. தோல் வெந்துவிடும்.

டிக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரண ஜெல் கணுக்கால் சுளுக்குக்கும் முழங்காலுக்கும் கேட்கும். முதுகுத் தசை ஆழத்தில் இருப்பதால் அங்கே அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். பாரசிட்டமால்? ஆஸ்திரேலியாவில் 1,600க்கு மேற்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் நடத்திய சோதனை 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடப் பாரசிட்டமால் சாப்பிட்டவர்கள் சீக்கிரம் குணமாகவில்லை. அதைப் படித்த பிறகு நான் அந்த அட்டையைத் தலைவலிக்கு ஒதுக்கிவிட்டேன்.

சரி, எது கேட்டது? ஒத்தடம். மாமியார் கல் உப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து கொடுத்தார். பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். மறுபடி ஒத்தடம், மறுபடி நடை. இரண்டாம் நாள் மாலை குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. இது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூட்டையும் மசாஜையும்தான் சொல்கிறது. படுத்தே கிடக்காதே, நடமாடு என்றும் சொல்கிறது. பெட்டியைத் தூக்கும்போது சுளுக்கி வீங்கிவிட்டால் கதை வேறு. முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான். உட்கார்ந்தே இறுகிய முதுகுக்குச் சூடு.

மசாஜுக்கு வருவோம். கே.எல். திரும்பியதும் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் ஒரு மசாஜ் கடைக்குப் போனேன். பார்வையற்றோர் சங்கம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, இந்தத் தொழிலும் அங்கே பல காலமாக வேரூன்றியிருக்கிறது. எங்கே வலி என்று நான் சொல்வதற்குள் விரல் அங்கே போய் நின்றது. புக்கிட் பிந்தாங்கில் வரிசையாக இருக்கும் பாத மசாஜும் சுகம்தான், ஆனால் அது காலுக்கு. உள்ளங்காலை அமுக்கினால் முதுகு சரியாகும் என்று அங்கே காட்டும் விளக்கப் படத்தை நான் நம்பவில்லை. பேரங்காடியின் மசாஜ் நாற்காலியோ நோட்டை விழுங்கிவிட்டு எல்லோர் முதுகையும் ஒரே அளவில் குத்துகிறது. எண்ணெய் போட்டு உருவும் மலாய் ஊருட் நன்றாக இருக்கும், ஆனால் வலி கொதிக்கும் முதல் நாளில் போகாதீர்கள். மூன்றாம் நாள் சரியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அழுத்தினால் நகர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே அவசரப் பிரிவுதான்.

இத்தனைக்கும் மூல காரணம் ஒன்பது மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்ததுதான். முதுகெலும்பின் வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அசைந்தால்தான் ஊட்டம் ஊறும். தாப்பாவில் நிறுத்துங்கள் என்றாள் மனைவி. அடுத்ததில் பார்க்கலாம் என்றேன். சுங்கை பேராக்கிலும் அதையேதான் சொன்னேன். பின் பாக்கெட்டில் பருத்த பர்ஸ் வேறு, ஒரு பக்க இடுப்பைத் தூக்கியபடியே இருந்தது. இப்போது அது முன்னால் கிடக்கிறது, இடுப்பின் வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன்.

பேருந்தில் டிரைவர் நிறுத்தினால்தான் இறங்க முடியும். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் போகும் மின்ரயிலில் நான்கு மணி நேரச் சொச்சம். சாலை நெரிசல் கிடையாது, நினைத்தபோது எழுந்து சிற்றுண்டிப் பெட்டி வரை நடந்து வரலாம். இடுப்பு வலிக்காரனுக்கு அந்த நடையே பாதி மருந்து.

இந்தத் தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாமியாருக்கு ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கி வைத்திருக்கிறேன். மாமனார் எப்படியும் புட்டியை நீட்டுவார். வாங்கித் தேய்த்துக்கொள்ளத்தான் போகிறேன்.